ஊற்று நீரும் வீதியிற் சிந்தும் எண்ணெயும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றுப் பிரிவில், முள்ளியவளையை அடுத்து அமைந்துள்ள தண்ணீரூற்று, தன் வரலாற்றைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊராகும். நிலத்தின் அடியிலிருந்து தானாகச் சுரந்த நீரே அவ்வூருக்குப் பெயரை ஈந்தது. அங்குள்ள ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயிலின் பெயரும் அதே நீரையே சுட்டுகின்றது. வன்னிப் பெருநிலப்பரப்பின் பிற பகுதிகள் குளங்களின் பெயரால் அறியப்படுகையில், இவ்வூர் ஊற்றின் பெயரால் அறியப்படுவது கருதத்தக்கது.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் ஏ-34 வீதி இந்நிலத்தினூடாகவே செல்கின்றது. ஏ-9 வீதியால் வடக்கு நோக்கி வரும் எரிபொருட் பவுசர், மாங்குளத்திற் கிழக்கே திரும்பினால் இவ்வழியாகவே கரையோரத்தை அடையும். இலங்கை வீதிகளில் ஓடும் பவுசர்களுள் 13,200 லீற்றர் கொள்வனவும் 33,000 லீற்றர் கொள்வனவும் உள்ளன. அத்தகைய ஒன்று கிணறுகள் நிறைந்த ஊரின் நடுவே கவிழ்ந்து உடையுமாயின் யார் யாது செய்ய வேண்டும்? இவ்வினாவுக்குரிய விடை எவராலும் ஒருநாளில் வகுக்கப்பட்டதன்று. பல நாடுகளில், பல வீதிகளில், மாண்டோரின் பேரால் அது சிறிது சிறிதாக எழுதப்பட்டது.

அவ்வரலாற்றை நோக்குமிடத்து, மனிதர் மூன்று பாடங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றமை புலனாகும். முதலாவது தீயைப் பற்றியது. இரண்டாவது கூட்டத்தைப் பற்றியது. மூன்றாவது நிலத்தடி நீரைப் பற்றியது. முதலாவது விதிகளாக எழுதப்பட்டுவிட்டது. இரண்டாவது அறியப்பட்டும் மீண்டும் மீண்டும் மறக்கப்படுகின்றது. மூன்றாவது இன்னும் அவசரகாலக் கடமையாகவே பலராற் கருதப்படுவதில்லை. தண்ணீரூற்றுப் போன்ற ஊர்களுக்கோ அம்மூன்றாவதே தலைமுறைகளைப் பாதிக்கும் பாடமாகும்.

தீயும் விதியும்

எரிபொருள் என ஒரே சொல்லாற் சுட்டப்படினும், பவுசர்களில் வருவன ஒரே இயல்புடையன அல்ல. பெற்றோல், பூச்சியத்திற்கு ஏறத்தாழ 40 பாகை கீழான வெப்பநிலையிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும். அவ்வாவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு பாரமானது. ஆதலால் அது மேலெழுந்து கலைந்து போகாமல், நிலத்தோடு ஒட்டி ஓடி, வாய்க்கால்களிலும் பள்ளங்களிலும் மதகுகளின் அடியிலும் தேங்கும். சிந்திய இடத்திலிருந்து நெடுந்தூரத்தில் உள்ள அடுப்பொன்று அதனைப் பற்றவைத்துவிடக் கூடும். டீசலோ சாதாரண வெப்பநிலையில் எளிதிற் பற்றுவதில்லை. ஆயினும் மண்ணில் நெடுநாள் தங்கும். அமுக்கத்தால் திரவமாக்கப்பட்ட சமையல் எரிவாயு வெளிப்படுமாயின், தன் திரவப் பருமனைப்போல் ஏறத்தாழ 250 மடங்காக விரியும்.

பொருளின் இயல்பு வேறுபடுவதால் அதனை எதிர்கொள்ளும் முறையும் வேறுபடும். எரியும் பெற்றோலின்மீது நீரைப் பீய்ச்சினால், நீரினும் இலேசான பெற்றோல் அதன்மேல் மிதந்து தீயையும் சுமந்து பரவும். அதற்கு நுரையே தக்கது. கசியும் எரிவாயுவுக்கோ நீர்த்தூவல் பயன்படும். அது ஆவியைக் கலைப்பதோடு கலத்தையும் குளிர்விக்கும். ஆகவே விபத்திடத்தை அடையும் தீயணைப்பு வீரன் முதலில் அறியவேண்டியது, கலத்தினுள் இருப்பது யாது என்பதேயாகும்.

இத்தேவையே உலகளாவிய குறியீட்டு முறைக்கு வித்திட்டது. அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்வது பற்றிய ஐக்கிய நாடுகள் பரிந்துரைகள் 1956 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தன. அப்பொருள்களை வீதியால் கொண்டு செல்வது பற்றிய ஐரோப்பிய உடன்படிக்கை 1957 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆந் திகதி ஜெனீவாவிற் கைச்சாத்தாகி, 1968 ஆம் ஆண்டு ஜனவரி 29 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இம்முறையின்படி பெற்றோலுக்கு 1203, டீசலுக்கு 1202, மண்ணெண்ணெய்க்கு 1223, சமையல் எரிவாயுவுக்கு 1075 என எண்கள் அமைந்தன. மொழி அறியாத நாட்டிலும் அந்த எண்ணைப் படித்தவன் அபாயத்தை அறிவான். 1970களில் இலண்டன் தீயணைப்புப் படையினர் வகுத்த மற்றொரு குறியீடு, பொருளின் பெயரைக் கூறாது, செய்யவேண்டிய செயலையே கூறிற்று. அதில் முதலில் நிற்கும் 3 என்ற எண் நுரையைப் பயன்படுத்துமாறு பணிக்கும். இறுதியில் ஈ என்ற ஆங்கில எழுத்து நிற்குமாயின், மக்களை அவ்விடத்திலிருந்து அகற்றுவது பற்றி எண்ணுமாறு அது எச்சரிக்கும்.

விதிகள் இருந்தும் அவை போதாமையை 1978 ஆம் ஆண்டு யூலை 11 ஆந் திகதி ஸ்பெயின் நாட்டுக் கரையோர வீதி காட்டிற்று. லொஸ் அல்பாக்கெஸ் என்னும் விடுமுறைக் கூடாரத் திடலை அண்மித்தபோது, புரொப்பிலீன் ஏற்றிவந்த பவுசர் ஒன்று உடைந்து தீப்பற்றியது. கொள்ளவேண்டிய அளவிற்கு மேலாக அது நிரப்பப்பட்டிருந்தது. மிகை அமுக்கத்தை வெளியேற்றும் வால்வும் அதில் இருக்கவில்லை. உயிரிழந்தோர் 217 பேர். அதன் பின்னரே, அபாயகரமான பொருள்களை ஏற்றிய வண்டிகள் மக்கள் செறிந்த இடங்களினூடாகச் செல்வது அந்நாட்டிற் கட்டுப்படுத்தப்பட்டது. வண்டி எவ்வாறு அமையவேண்டும் என்பதோடு, அது எவ்வழியாற் செல்லவேண்டும் என்பதும் பாதுகாப்பின் ஒரு கூறு என்பது அன்று தெளிவாயிற்று.

கூட்டமும் தட்டுப்பாடும்

தீயைப் பற்றிய அறிவு வளர்ந்த பின்னரும் பேரழிவுகள் நின்றபாடில்லை. 2010 ஆம் ஆண்டு யூலை 2 ஆந் திகதி கொங்கோ சனநாயகக் குடியரசின் சங்கே என்னும் ஊரிற் பவுசர் ஒன்று கவிழ்ந்து தீப்பற்றியதில் 230 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். 2017 ஆம் ஆண்டு யூன் 25 ஆந் திகதி, நோன்புப் பெருநாளுக்கு முதல்நாட் காலையில், பாக்கிஸ்தானின் அகமதுபூர் கிழக்கு என்ற ஊரின் அருகே பவுசர் ஒன்று கவிழ்ந்தது. அயற் கிராமத்தவர் குடங்களோடும் போத்தல்களோடும் ஓடிவந்து பெற்றோலைச் சேகரித்துக் கொண்டிருக்கையில் தீ மூண்டது. 200 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆந் திகதி சியரா லியோன் தலைநகரான பிரீற்றவுணிலும் இதே நிகழ்ச்சி இதே ஒழுங்கில் நடைபெற்றது.

இவ்விபத்துகளில் ஒரு பொதுமை காணப்படுகின்றது. பவுசர் கவிழ்ந்தவுடன் பலர் மாண்டனர் எனக் கூறுவதற்கில்லை. கவிழ்தலுக்கும் எரிதலுக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. அவ்விடைவெளியிலேயே கூட்டம் சேர்ந்தது, அக்கூட்டமே இரையாயிற்று. மாண்டோரைப் பேராசைக்காரர் என்றும் அறிவிலார் என்றும் தூரத்திலிருந்து பழிப்பது எளிது. ஆயினும் ஒரு குடம் பெற்றோலின் விலை ஒரு குடும்பத்தின் பலநாள் உழைப்புக்கு ஈடாகும் இடத்தில், வீதியில் ஓடும் எண்ணெய் அபாயமாகத் தோன்றுவதில்லை. வீணாகும் செல்வமாகவே தோன்றுகின்றது.

இதனை வன்னி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலையொட்டி, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிற் கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபைப் போற்றும் மண் அது. அதே மண்ணில், 1990 இல் மீண்டும் மூண்ட போரின் பின்னர், வீட்டு விளக்குக்கு எண்ணெய் அரிதாயிற்று. வடபகுதிக்கு எரிபொருள் செல்வது தடுக்கப்பட்டமையால், மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை உயிர்ப்பிப்பதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடப்பட்டது. ஜாம் போத்தலினுள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய சிக்கன விளக்கின் ஒளியில் ஒரு தலைமுறை மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். 2002 இல் திறக்கப்பட்ட ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது அந்நிலை திரும்பியது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் முழு இலங்கையுமே எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசையில் நின்றது. துளியின் பெறுமதியை இவ்வாறு அறிந்த மக்களிடம், சிந்திய எண்ணெயை விட்டு விலகுமாறு கூறுவது எளிதன்று. ஆகவேதான் அக்கூற்று விபத்து நாளிற் பொலிசாரின் வாயிலிருந்து முதன்முதலாக வருதல் ஆகாது. அதற்கு முன்னரே பாடசாலையிலும் வாசிகசாலையிலும் கோயில் முன்றலிலும் அது பேசப்பட்டிருத்தல் வேண்டும்.

கூட்டத்தை விலக்குவதன் பயனைத் தென்னிந்தியாவின் இரு நிகழ்ச்சிகள் காட்டும். 2012 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27 ஆந் திகதி இரவு, கேரளத்தின் கண்ணூரை அடுத்த சாலா என்னும் இடத்தில் எரிவாயுப் பவுசர் ஒன்று கவிழ்ந்தது. கசிந்த வாயு வீதியோர வீடுகளிடையே பரவித் தீப்பற்றியதில் இருபதளவினர் உயிரிழந்தனர். 2025 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆந் திகதி அதிகாலையில், கொச்சியிலிருந்து 18 தொன் எரிவாயுவோடு வந்த பவுசரின் கலம், கோயம்புத்தூர் அவிநாசி வீதி மேம்பாலத்தில் இழுவண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. அங்கும் வாயு கசிந்தது. அங்கும் மக்கள் செறிந்த நகரே சூழ இருந்தது. ஆயினும் போக்குவரத்து உடனே தடுக்கப்பட்டது. தீயணைப்பு வீரர் கலத்தின்மீது இடையறாது நீரைத் தூவினர். அண்மையிலிருந்த பாடசாலைகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. கசிவு அடைக்கப்பட்டு, கலம் பாரந்தூக்கிகளால் நிமிர்த்தப்பட்டு அகற்றப்பட்டது. ஓர் உயிரும் போகவில்லை. இவ்விரு நிகழ்ச்சிகளிடையே நேரமும் இடமும் வேறு; தற்செயலின் பங்கும் உண்டு. எனினும் தீப்பொறியையும் மனிதரையும் கலத்திலிருந்து தூரத்தில் நிறுத்தியமை இரண்டாவதன் நற்பேற்றுக்கு உறுதுணையாயிற்று என்பதில் ஐயமில்லை.

நீர் தரும் மூன்றாம் பாடம்

தீ மூளாது, எவரும் இறவாது, கவிழ்ந்த பவுசர் அகற்றப்பட்டதும் விபத்து முடிந்ததெனக் கருதுவது வழக்கம். வீதி திறக்கப்படும், செய்தியும் மறக்கப்படும். ஆனால் மண்ணினுள் இறங்கிய எண்ணெயின் வரலாறு அப்போதுதான் தொடங்குகின்றது.

பெற்றோலின் ஒரு கூறு பென்சீன். அது குருதிப் புற்றுநோயை விளைவிப்பது. நீரிற் கரைய வல்லது. குடிநீரில் அதன் அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராமிற்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகின்றது. பெற்றோலில் நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் உண்டெனக் கொண்டு கணக்கிட்டால், ஒரேயொரு லீற்றர் பெற்றோலிலுள்ள பென்சீன் எட்டு இலட்சம் லீற்றருக்கும் அதிகமான நீரை அவ்வரம்புக்குக் கொண்டுவரப் போதுமானதாகும். அது முழுவதும் நீரைச் சென்றடைவதில்லை. பெரும்பகுதி ஆவியாகும், ஒரு பகுதி மண்ணில் தங்கும், ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் சிதைக்கும். எனினும் பவுசரின் கொள்ளளவை எண்ணுமிடத்து, எஞ்சுவதும் சிறிதன்று.

தமிழர் வாழும் வடபுலத்தில் இதற்கு அண்மித்த அனுபவம் சுண்ணாகத்தில் ஏற்பட்டது. அது பவுசர் விபத்தன்று. மின்னிலையச் சூழலில் எண்ணெய் மெல்ல மெல்ல நிலத்திற் சேர்ந்ததன் விளைவு. எனினும் நீருக்கு நேர்ந்தது ஒன்றே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலம் வெடிப்புகளும் துவாரங்களும் உடையது. மேலே விழுந்தது விரைவில் அடியிற் சேரும். சுண்ணாகம் மின்னிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மணப்பதாக மக்கள் முறையிட்டனர். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையினர் 2013, 2014 ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளை ஆய்ந்தபோது, அவற்றுள் ஏறத்தாழ முக்காற்பங்கில் எண்ணெய், கொழுப்புப் பொருள்களின் அளவு வரம்பை மீறியிருந்தமை தெரியவந்தது. மாசின் தன்மை பற்றியும் அதன் மூலம் பற்றியும் நிபுணரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. மக்களோ கிணற்றங்கரையில் நின்றுகொண்டே, நீருக்காக வெளியிலிருந்து வரும் பவுசரை எதிர்பார்க்க நேர்ந்தது.

இது தொடர்பாகத் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மீறல் வழக்கில், உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு ஏப்பிரலிற் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, அங்கு மின்னுற்பத்தி செய்த நொதேர்ண் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு பணிக்கப்பட்டது. இலங்கையின் சுற்றாடற் சட்ட வரலாற்றில் இது முக்கியமான தீர்ப்பாகும். ஆயினும் மக்கள் முறையிட்டதற்கும் தீர்ப்பு வந்ததற்கும் இடையே ஆண்டுகள் பல கழிந்தன. மாசு ஏற்படுமுன் அக்கிணறுகள் எந்நிலையில் இருந்தன என்பதற்கு ஒழுங்கான அளவீடுகள் கிணறு தோறும் இருந்திருப்பின், விவாதம் பெரிதும் சுருங்கியிருக்கும்.

மற்றோர் அனுபவம் கடலிலிருந்து வந்தது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதிய ஆழிப்பேரலையின் பின்னர், இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில் உப்பு நீர் புகுந்த கிணறுகளைத் தூய்மையாக்கும் நோக்குடன் மீண்டும் மீண்டும் நீர் இறைக்கப்பட்டது. மிகையாக இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர்நீர் மேலேறி, நிலைமை மேலும் சீர்கெட்டது. கிணறு ஒரு தனிப் பாத்திரமன்று. பரந்து கிடக்கும் நிலத்தடி நீரின் திறந்த வாய் அது. வாயைக் கழுவுவதால் உடல் தூய்மையாவதில்லை. எண்ணெய் கலந்த கிணற்றுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அயலிலுள்ள ஒரு கிணற்றை வலிந்து இறைத்தால், மாசு அதனை நோக்கி ஈர்க்கப்படுதலும் கூடும்.

வன்னிக்குரிய ஆயத்தம்

2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம், ஆழிப்பேரலையின் பின்னணியிற் பிறந்தது. அதன் வழி அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் மாவட்டங்கள் தோறும் பிரிவுகளைக் கொண்டுள்ளது. 117 என்ற தொலைபேசி எண்ணில் அதனுடன் தொடர்புகொள்ளலாம். எனினும் தீயணைப்புச் சேவை உள்ளூராட்சி மன்றங்களைச் சார்ந்திருப்பதால், நகரங்களுக்கு உள்ள வசதி கிராமங்களுக்கு இல்லை. 2016 ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது, அந்நகரில் தீயணைப்பு நிலையம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வரவேண்டியிருந்தது. அதன் பின்னரே அங்கு தீயணைப்புப் பிரிவு அமைந்தது. பரந்தனிலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ முல்லைத்தீவு ஐம்பது கிலோமீற்றர் அளவு தொலைவில் உள்ளது. ஆகவே இந்நிலத்தில் எரிபொருள் சிந்துமாயின், முதல் அரைமணி நேரம் ஊரவரின் கையிலேயே இருக்கும்.

அந்த அரைமணி நேரத்திற் செய்யத்தக்கவை மிக எளியவை. வீதியின் இரு புறத்தும் வாகனங்களைத் தூரத்தில் மறித்தல். காற்று வரும் திசையில், மேட்டுப்பாங்கான இடத்தில் மட்டும் நிற்றல். தாழ்வான பக்கத்து வீடுகளில் அடுப்பையும் விளக்கையும் அணைப்பித்து மக்களை வெளியேற்றல். கலத்திலுள்ள பொருளை அறிந்து பொலிசாருக்கும் 117 இற்கும் கூறல். குடத்தோடு வருவோரைத் திருப்பி அனுப்பல். இவை உயிர்காக்கும் செயல்கள். இவற்றுக்கு அடுத்து நீர்காக்கும் செயல் வருகின்றது. ஆவியின் அபாயம் எட்டாத தூரத்தில், எண்ணெய் சென்றடையுமுன் வாய்க்காலையும் மதகையும் மண்ணணையால் மறித்துவிட்டால், அது பரவும் பரப்புக் குறையும். ஆனாற் சிந்திய பெற்றோலுக்கு அருகே மண்வெட்டியோடு செல்வது தீயணைப்புப் படையினர் வந்த பின்னர் அவர்தம் ஆணைப்படியே நிகழவேண்டும். இரும்பு கல்லில் மோதும் ஒரு பொறியே போதுமானது.

அதன்பின் எண்ணெய் ஊறிய மண் தாமதமின்றி அகழ்ந்து அகற்றப்படுதல் வேண்டும். இதில் வன்னியின் பருவமும் கருதற்பாலது. கோடையிற் சிந்திய எண்ணெய் வறண்ட மண்ணில் இறங்கித் தங்கி, அடுத்த மழையோடு மேலும் கீழிறங்கும். மாரியிலோ நிலத்தடி நீர் மேற்பரப்பை அண்மித்து நிற்பதால், எண்ணெய் விரைவில் நீரைத் தொடும். வெள்ளத்தோடு வயலுக்கும் செல்லும். ஆதலால் கோடை விபத்தில் மாரிக்கு முன்னர் மண்ணை அகற்றுவதும், மாரி விபத்தில் ஓடும் நீரை மறிப்பதும் முதன்மை பெறும். சூழவுள்ள கிணறுகளின் நீரைப் பரிசோதனை முடியும்வரை குடியாது விலக்குவதும், ஒரு முறையோடு நில்லாது மாரி கழிந்த பின்னரும் மீண்டும் பரிசோதிப்பதும் இன்றியமையாதன.

இவையனைத்துக்கும் அடிப்படையானது ஒன்று உண்டு. வீதியின் இருமருங்கும் எத்தனை கிணறுகள் உள, அவற்றின் ஆழம் யாது, கோடையிலும் மாரியிலும் நீர்மட்டம் எங்கு நிற்கும், நீரின் இன்றைய தன்மை யாது, மழைநீர் எந்த மதகினூடாக எத்திசையில் ஓடும் என்பன விபத்துக்கு முன்னரே எழுதி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். சுண்ணாகத்தின் அனுபவம் உணர்த்துவது இதனையே. இதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. புவியியலும் இரசாயனமும் பயிலும் பல்கலைக்கழக மாணவர், கிராம அலுவலரின் துணையோடு ஒரு விடுமுறைக் காலத்தில் ஓர் ஊரின் கிணறுகளைப் பதிவுசெய்துவிடலாம். ஊரின் முதியோர், எந்த ஊற்று எங்கு சுரந்தது, எந்தக் கிணறு எக்கோடையிலும் வற்றாதது என்பதை இன்றும் சொல்லக்கூடியவராக உள்ளனர்.

போர், இடப்பெயர்வு, ஆழிப்பேரலை ஆகியவற்றின் பின்னர் மீண்டு வந்து தம் கிணறுகளைத் துப்புரவாக்கிக் குடியேறிய மக்கள் முல்லைத்தீவு மக்கள். எரிபொருள் ஏற்றிய பவுசர் அவர்தம் வீதியால் வருவது வாழ்வு திரும்பியமையின் ஓர் அடையாளமேயன்றி வெறுக்கத்தக்கதன்று. எனினும் அது கடந்து செல்லும் ஒவ்வொரு மதகின் அருகிலும் குடிநீர்க் கிணறு ஒன்று இருக்கக்கூடும் என்பதை வீதியை அமைப்போரும் வண்டியைச் செலுத்துவோரும் அவசரகாலத் திட்டங்களை வகுப்போரும் கருத்திற்கொள்ள வேண்டும். கிணறுகளின் பதிவேடு தண்ணீரூற்றிலேயே தொடங்கப்படுமாயின், அவ்வூரின் பெயருக்கு அது பொருத்தமான பணியாகவே அமையும்.